பொய்யரசனின் காது

“இனி மருமோன்தான் அரசன். இதிலை கதைக்க ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டுச் செபமாலை வலையை உதறினார். மீன்வாடியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரசன் என்றால் பாரசீக அரசன். காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள அந்தக் கரை ஊரில், கோயில் பெருநாளுக்கு ஆடும் கூத்தில் அந்த வேடம் செபமாலையின் வீட்டுக்கு உரியது. தகப்பன் ஆடினார், பிறகு இருபத்திரண்டு வருடம் இவர் ஆடினார். இப்போது இரண்டு பாட்டுக்கே மூச்சு வாங்குகிறது. ஆண்பிள்ளையும் இல்லை.

அண்ணன் மகன் றயன் தனக்குத்தான் உரிமை என்று கொஞ்ச நாள் குதித்தான். அவனுக்கு வாயிற்காவலன் வேடத்தையும் ஒரு நீள ஈட்டியையும் கொடுத்தார்கள். கலகம் அன்றோடு அடங்கியது.

அடங்காதவள் செபமாலையின் ஒரே மகள் பியாட்றிஸ்தான். தகப்பனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“பாட்டெல்லாம் எனக்குப் பாடம், அப்பா. இவருக்கு நான்தானே சொல்லிக்குடுக்கிறன். நானே ஆடினால் என்ன?”

“கோரேசு மன்னன்ரை சிங்காசனத்திலை பொம்பிளை இருந்தவளோ?”

“கள்ளன் இருந்தவன்தானே. அவனைப் பொறுத்த சனம் என்னைப் பொறுக்காதோ?”

பதில் வராத ஆண்கள் செய்வதையே செபமாலையும் செய்தார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று எழும்பிப் போனார்.

கதைப்படி அவள் சொன்னது சரிதான். பாரசீகத்தை ஆண்ட கோரேசு மன்னன் இறந்ததும் மூத்த மகன், தம்பியை இரகசியமாகக் கொன்றுவிட்டு எகிப்துக்குப் படையெடுத்துப் போகிறான். சமயம் பார்த்திருந்த ஒருவன், “நான்தான் அந்தத் தம்பி” என்று சொல்லிச் சிங்காசனத்தில் ஏறிவிடுகிறான்.

பழைய குற்றமொன்றுக்காக அவனுடைய இரண்டு காதையும் கோரேசு அறுத்திருந்தார். அது தெரியாமலிருக்கத் தலையையும் முகத்தையும் பட்டால் மூடிக்கொண்டே நாட்டை ஆளுகிறான். கடைசியில் தரியு என்ற பிரபு வந்து, பட்டுக்குள் கையை விட்டுத் தடவி, “காதில்லை, இவன் அரசனில்லை” என்று பாடிக் குத்த வேண்டும். அந்தத் தரியு வேடத்தைத்தான் செபமாலை தனக்கென்று வைத்துக்கொண்டார். ஒரு பாட்டோடு வேலை முடிந்துவிடும்.

பெருநாளன்று காலை மகள் வீட்டுக்குப் போனார். மருமகன் ஹரோல்ட் கழுத்தைத் துவாயால் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தான். மாமாவைக் கண்டதும் எழும்பிக் கையைக் காட்டினானே தவிர வாயைத் திறக்கவில்லை.

“தொண்டையைக் காக்கிறார், அப்பா. கூத்து முடியுமட்டும் கதைக்கமாட்டார்” என்றாள் பியாட்றிஸ்.

“அது நல்லது. உடுப்பை இஞ்சையே கட்டிப் பட்டை மூடிக்கொண்டுதான் வரவேணும். அரசன்ரை முகத்தை ஊர் காணக் கூடாது.”

“ஓம் அப்பா. வழக்கத்தை விடமாட்டம்.”

அப்போதுதான் மகளின் காதைக் கவனித்தார். தோடு இல்லை. தோடு இருந்த இடத்தில் இரண்டு வேப்பம் ஈர்க்குத் துண்டு.

“தோடெங்கை, பிள்ளை?”

“சுரை கழண்டுபோச்சு. ஓட்டை தூராமல் செருகி வைச்சிருக்கிறன்.”

“பெருநாளும் அதுவுமாய் உந்தக் காதோடையே சனத்துக்கு முன்னாலை வரப்போறாய்?”

“வருவன்” என்றாள்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயில் வளவு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பங்குச் சுவாமி இருந்தார். றயன் ஈட்டியை நிமிர்த்திக் கட்டியம் கூற, பட்டு மூடிய அரசர் மேடையில் ஏறி முதற்பாட்டை எடுத்தார்.

கச்சான்கடலை கொறித்துக்கொண்டிருந்த சனம் கொறிப்பதை நிறுத்தியது. திரைக்குப் பின்னால் நின்ற செபமாலைக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஒத்திகையில் ஹரோல்ட் ஒவ்வொரு தடவையும் மூன்றாம் அடியில் தடக்குவான். இன்றைக்கு அந்த அடி தண்ணீராய் ஓடியது. குரலோ, செத்துப்போன தகப்பன் எழும்பி வந்து பாடுவது போலவே இருந்தது.

“மூண்டு மாதத்திலை எங்கடை வீட்டுக் குரலே வந்திட்டுது. பழக்கினது ஆர்?” என்று மத்தளக்காரரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்த வாய்க்காரி மகள் இதைக் கேட்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் சனம் இன்னொருக்கால் பாடச் சொல்லிக் கேட்டது. இருபத்திரண்டு வருடத்தில் செபமாலையை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் நொந்தது, ஆனாலும் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

கடைசிக் கட்டம் வந்தது. மரக்கத்தியோடு தரியு சிங்காசனத்தை நெருங்கினார். அரசர் அசையாமல் இருந்தார். தரியு இடக்கையைப் பட்டுக்குள் விட்டுத் தடவினார்.

காது இருந்தது. மடலில் ஈர்க்குத் துண்டொன்று விரலில் தட்டுப்பட்டது.

மத்தளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. தரியு பாடவில்லை. பிற்பாட்டுக்காரர் அடியை எடுத்துக் கொடுத்தார், அப்போதும் பாடவில்லை. அவருடைய விரல்கள் பட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தன. ஒரு இழுவை இழுத்தால் அரசாட்சி அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

“இழு, இழு” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பட்டுக்குள்ளிருந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி குரல் வந்தது.

“குத்துங்கோ, அப்பா. ஆர் அரசனெண்டு சனம் பாட்டிலையே கேட்டு முடிஞ்சுது.”