சம்பந்தி வீட்டுக் கிண்ணம்

“கொடுத்த பொருளைத் திரும்பிப் போய்ப் பார்க்காதே, பார்த்தால்...” என்று பெரியப்பா வண்டு சொல்வதுண்டு. பார்த்தால் என்ன ஆகும் என்பது கருவண்டுக்கு மறந்துபோயிற்று. அதனால் பார்க்கக் கிளம்பியது.

பூவரசங்கட்டையைச் சுழலவிட்டு மழமழவென்று கடைந்து, பொங்கலுக்கு உறவுக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்திருந்தது. பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் அதற்குச் சோறு இறங்கவில்லை.

தங்கை வண்டு கிண்ணத்தைப் பிளாஸ்டிக் உறையோடு பரணில் வைத்திருந்தது. “தொட்டுடாதீங்கண்ணே, அழுக்காயிடும். நாங்களே தொடுறதில்ல,” என்றது பெருமையாக.

“ஒருநாளாவது அதுல சாப்பிட்டியாம்மா?”

“ஐயோ, அதுலயா?”

சம்பந்திக் கரையான் வீட்டில் கிண்ணத்தையே காணோம்.

“எங்கே சம்பந்தி, நான் கடைஞ்சு குடுத்தது?”

கரையான் வயிற்றைத் தடவிக்கொண்டது. “அடடா, என்ன பதம். விளிம்பு மொறுமொறுன்னு இருந்துச்சு. அடிப்பாகத்தை உங்க சம்பந்தியம்மா எனக்குக் கண்ணுலயே காட்டல. பிள்ளைங்க இன்னும் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க.”

கருவண்டு வீடு திரும்பியது. அன்று அதற்கு நன்றாகப் பசித்தது. அடுத்த பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டுக்கு ஓர் அண்டாவே கடைந்துவிடுவது என்று முடிவு செய்தது.