இருமலாக மாறிய விசில்

ஒன்பது வயதில் திலகா இரண்டு விரலால் நாக்கை மடித்து அடித்த விசிலுக்குத்தான் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். தண்ணீர் லாரி திரும்புவதை மொட்டைமாடியிலிருந்து முதலில் பார்க்கிறவள் அவள். இப்போது தலைமையாசிரியை, சேலையில் மட்டுமல்ல, பேச்சிலும் கஞ்சி. இன்று காலை ஆளில்லாத தெருவில் லாரி வந்து நின்றபோது, பால்கனியில் இருந்தவளும் அவளேதான். விரல் உதடுவரை போய்விட்டது. எதிர்மாடியில் ஒரு மாணவியின் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திலகா இருமினாள். லாரி போய்விட்டது.

மாலையில் பக்கத்து வீட்டுப் பாக்கியம் காலிக் குடத்தோடு வந்தாள். "லாரி வந்துச்சாமே, டீச்சரம்மா பாக்கலியா?"

"இல்லையே அக்கா."

"நீ விசிலடிச்ச வரைக்கும் ஒருநாளும் தப்புனதில்லடி" என்றவள், 'டி' போட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திலகாவுக்கு முகம் எரிந்தது. குளியலறையைத் தாழிட்டாள். சத்தம் அமுங்கட்டும் என்று உப்புத் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, விரலை வாயில் வைத்தாள். இன்னும் வருகிறதா என்று பார்க்கத்தான்.

வந்தது. பழையபடியே, காதைக் கிழித்துக்கொண்டு.

குழாயை மூடியபோது வாசலில் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தெருவே வந்து நின்றிருந்தது.

"லாரி எங்கடி திலகா?" என்று வாசலிலிருந்து கத்தினாள் பாக்கியம். இந்த முறை 'தப்பா எடுத்துக்காதீங்க' வரவில்லை.

குளியலறைத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி திலகா நின்றாள். விரல்கள் இன்னும் ஈரமாக இருந்தன.