உங்க பார்ட்டி, எங்க பார்ட்டி

மகள் வீடு வாங்குகிறாள். அவள் நம்பிப் போகக்கூடிய வீட்டு புரோக்கர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் அம்மா.

ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே கடை, ஒரே போர்டு. வாங்க வருகிறவர்களுக்கு அவர் பேசுவார், விற்க வருகிறவர்களுக்கு அவள் பேசுவாள். பகலெல்லாம் எதிர்க்கட்சியாக உட்கார்ந்து பேரம் பேசிவிட்டு, சாயங்காலம் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார்கள்.

ஒருநாள் நாலு பேர் எதிரில், "இவளுக்கு வீட்டைக் காட்டத் தெரியும், விலை பேசத் தெரியாது," என்று சொல்லிவிட்டார் மனுஷர். நாக்கில் சனி.

அவள் அடுத்த தெருவில் தனிக் கடை போட்டாள். கடைக்கு மேலேயே குடியும் போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் முதலில் யார் வாயைத் திறப்பது?

இப்போது மகள் யாரைப் பிடிக்கப் போகிறாள் என்பதுதான் அவருக்குக் கவலை. பெண் என்றைக்கும் அம்மா பக்கம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, மகளே கடைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, நீங்கதான் எனக்குப் பேசி முடிச்சுக் குடுக்கணும்."

உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு. இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த செருப்பு என்று புது மாப்பிள்ளை மாதிரி, அவள் பார்த்து வைத்திருந்த வீட்டுக்குக் கிளம்பி வந்தார்.

வந்து பார்த்தால், வீட்டுக்காரர் பக்கத்தில், அவர் தரப்புப் புரோக்கராகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் மகளின் அம்மா. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தாள். அவள் காட்டும் எந்த வீடும் இருட்டாக இருந்ததில்லை.

அப்படியே திரும்பிப் போயிருப்பார். மகள் கையைப் பிடித்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள்.

"எங்க பார்ட்டி சொன்ன விலை சொன்னதுதான்," என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

"எங்க பார்ட்டி அந்த அளவுக்கு ஏறாது," என்றார் அவர், தரையைப் பார்த்து.

அவருடைய பார்ட்டி அவள் பெற்ற பெண். அது இருவருக்கும் ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் எழுந்து போய்ச் சாவியால் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் உள்ளே காலி என்றார். பெயர்த்து ஒட்டித் தருவார்கள் என்றாள். குழாய் சொட்டுகிறது என்றார். வாஷர் போனால் எந்தக் குழாயும் சொட்டும் என்றாள். பின்கதவு உரசுகிறது என்றார். மழை நின்றால் சரியாகும் என்றாள்.

ஒன்றுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. இவளுக்கா விலை பேசத் தெரியாது என்றோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அழகாகப் பேசினாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"உங்க பார்ட்டிக்குச் சின்ன வயசுலேருந்தே பிடிவாதம். யார் மாதிரின்னுதான் தெரியலை," என்றாள் ஒரு கட்டத்தில்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

கடைசியில் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். நியாயமான விலை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பேரம் முடிந்தது. முடிந்தால் ஆளுக்கொரு தெருவாகப் போக வேண்டியதுதான்.

அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனார்.

மகளும், வீட்டுக்காரரான பல் டாக்டரும் எப்போது நழுவினார்களோ, பின்வாசலில் நின்றிருந்தார்கள். டாக்டர் அடங்கிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விலைதான் போன வாரமே முடிஞ்சிருச்சேம்மா. உங்கம்மாதானே நம்மளை உக்கார வெச்சு முடிச்சு விட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் எதைப் பேசிக்கிட்டிருக்காங்க?"

"பேசட்டும் டாக்டர். விலை பேசணும்னு சொல்லி அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொன்னதே அம்மாதான்."

அவருக்குத் தண்ணீர் குடிக்க வந்ததே மறந்துபோயிற்று. சத்தம் காட்டாமல் வந்த வழியே திரும்பினார்.

கூடத்தில் அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, இதோட முடிச்சுக்கலாமா?"

"அதெப்படி முடிக்கிறது? மாடி ரூமை இன்னும் காட்டவே இல்லையே," என்றார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வீட்டில் மாடி ரூம் என்று ஒன்று கிடையாது. அவளுக்குத் தெரியாதா என்ன.

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க, காட்டுறேன்."