கலர் வேணாம்

பிராசஸரை அவள் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஊதினால் பறந்துவிடும் என்பதைப் போல அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

“நல்லாப் புடிச்சுப் பாருங்கண்ணே. கடிக்காது.”

கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா சிரித்தாள். கடை அவளுடையது. தில்லைநகரில், மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

அவன் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவது இதுதான் முதல் முறை. தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

“என்ன கேம் ஆடப்போறீங்க? அதச் சொன்னாத்தான் எந்த கிராபிக்ஸ் கார்டுன்னு சொல்ல முடியும்.”

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

“ரயில் ஓட்டுறது.”

“சுடுறதெல்லாம் கெடயாதா?”

“இல்லம்மா. ரயில் மட்டும்தான்.”

“எங்கிட்ட வர்றவங்க எல்லாம் ஊரையே கொளுத்தணும்பாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே, ஊருக்குக் கொண்டுபோய் விடுறேங்கிறீங்க.”

அந்த விளையாட்டை அவன் எப்போதோ வாங்கிவிட்டிருந்தான். தள்ளுபடி என்று வந்த நாளில், போனிலேயே பணம் கட்டி.

போட்டு ஓட்டுவதற்கு அப்போது எதுவும் இல்லை. இருந்தாலும் வாங்கினான்.

மற்றவர்கள் ஓட்டுவதை வீடியோவில் பார்ப்பான். மழையைத் துடைத்துக்கொண்டே இருக்கும் வைப்பர். வளைவில் திரும்பும்போது பின்னால் தெரியும் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

கையில் இருந்த தொகையைச் சொன்னான். அவள் முகம் மாறவில்லை.

மெமரிக்கான ரேமில் கொஞ்சம் குறைத்தாள். எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில் கொஞ்சம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கைவைக்க மாட்டேன் என்றாள். கரண்ட் தருவதே அதுதான். மலிவாக வாங்கி அது போனால், மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கிராபிக்ஸ் கார்டு வேறொருவர் பயன்படுத்திக் கொடுத்தது. வாரண்டி இன்னும் இருந்தது.

பிறகு மானிட்டர்.

“இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்கண்ணே. கலர் அப்படியே நேர்ல பாக்குற மாதிரி...”

“கலர் வேணாம்.”

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

இளவயதில், ரயில் ஓட்டும் லோகோ பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். அம்மா சமயபுரத்துக்கு நடந்தே போய் வந்தாள். அப்புறம் ரயில்வே ஆஸ்பத்திரியில் ஒரு புத்தகத்தை விரித்தார்கள். வட்டத்துக்குள் புள்ளிகள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் அதில் எண்களைப் பார்த்தார்கள்.

அவன் புள்ளிகளைப் பார்த்தான்.

சிவப்பும் பச்சையும் தனக்கு ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு வேலை கொடுத்தார்கள். ஜங்ஷனில், பார்சல் ஆபீஸில். வாசல் வழியே என்ஜின்கள் போகும். ஒவ்வொன்றையும் கண் மறையும் வரை பார்ப்பான்.

“எனக்குக் கலர் சரியா தெரியாதும்மா. சிவப்பு, பச்சை... ரெண்டும்.”

அவள் எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. என் கையில் இருப்பது என்ன நிறம், சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. கடவுள் சிலரை, கேள்வி கேட்காதவர்களாகவே படைத்து அனுப்புகிறார்.

அந்த மானிட்டரை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, விலை குறைந்த ஒன்றை இறக்கினாள்.

கேபினெட்டுக்கு வந்தபோது, விளக்குகள் ஓடும் பெட்டிகளைத் தாண்டிப் போய், மூலையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தாள்.

“லைட்டெல்லாம் வீண் செலவுண்ணே. அந்தக் காசக் கார்டுல போடுவோம்.”

சற்று முன்னால் வேறொருவரிடம் அந்த லைட்டைத்தான் அவள் ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தாள். அவன் கேட்டிருந்தான்.

மாலைக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. பெட்டியின் தலையில் கட்டைவிரலால் சின்னதாகச் சிலுவை போட்டாள். அவனும் கண்ணை மூடிக்கொண்டான். பொத்தானை அழுத்தச் சொன்னாள்.

ஃபேன் சுற்றியது. திரை விழித்தது.

கடை நெட்டிலேயே விளையாட்டை இறக்கினாள். அது இறங்குவதற்குள் டீ வந்து, குடித்து, கிளாஸும் காய்ந்துபோனது.

“ஓட்டிப் பாருங்கண்ணே. இங்கயே பாத்துட்டா எனக்கும் நிம்மதி.”

விடியற்காலை. ஏதோ ஒரு ஸ்டேஷன். ஈரத் தண்டவாளம்.

அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

எதிரே ஒரு சிக்னல் கம்பம். அதில் ஒரே விளக்கு. நிறம் அதற்குள்ளேயேதான் மாறும். மேலே எரிகிறதா, கீழே எரிகிறதா என்று பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை.

பயணிகள் ஏறி முடித்தார்கள். கதவுகள் மூடின.

விரல் கீபோர்டின் மேல் நின்றது. அழுத்தவில்லை.

வெறும் விளையாட்டு. தப்பானால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கலாம். அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் பெட்டிகளில் ஆட்கள் இருந்தார்கள்.

“பச்சை.”

பின்னாலிருந்து ஜெசிந்தா சொன்னாள். சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வதைப் போல. காலி அட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள், கண்ணை மட்டும் திரையில் வைத்திருந்தாள்.

என்ஜினில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் சிக்னலைச் சொல்வார். மற்றவர் அதையே வாய்விட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வண்டி நகரலாம்.

அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

“பச்சை” என்றான் அவன்.

விரலை அழுத்தினான்.

நடைமேடை மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஒரு விளக்குக் கம்பம். ஒரு பெஞ்சு. பிறகு வயல்கள்.

தூரத்தில் அடுத்த சிக்னல் தெரிந்தது.

அவள் அட்டைகளைக் கீழே வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.