காத்தாடி மலையில வேலைக்கு ஆள் எடுத்தாங்க

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் என் நாக்குல கட்டெறும்பு கடிக்கட்டும்!

ஒரு மலை பூரா கரண்டு எடுக்கற காத்தாடிங்க. எல்லாத்தையும் ஆட்டிவைக்கறது ஏஐ மூளை வெச்ச ஒரு பொட்டி. கூடமாட ஒத்தாசைக்கு இளசு ஒண்ணு வேணும்னுச்சு. இன்டர்வியூவுக்குன்னு கோச்சிங் போன கிளி வந்துச்சு. வேலை கிடைக்கலேன்னா மறுபடி மீன் மார்க்கெட் குப்பைதான்னு ஒரு காக்காக்குஞ்சும் வந்துச்சு.

"இப்ப மேக்கால இருந்து காத்து வரும் பாருங்க"ன்னுச்சு பொட்டி.

ஒரு இலை அசையல. திடீர்னு மலையே ஊதுன மாதிரி காத்து! அத்தனை காத்தாடியும் ஒண்ணா சுத்துச்சு. ரெண்டும் வாயப் பொளந்துச்சுங்க.

கிளி சுதாரிச்சு, பொட்டி சொன்னதை அப்படியே ஒப்பிச்சுது.

"அடேங்கப்பா! அதைச் சொல்லத்தான் நானே இருக்கேனே ராசா"ன்னுச்சு பொட்டி.

காக்கா இன்னும் வாய மூடல. "அண்ணே, என்னமா சொல்றே! என்னைக்காச்சும் நீ தப்பாச் சொன்னா, உனக்கே தெரியுமாண்ணே?"

"போச்சுடி உன் வேலை"ன்னு கிளி சிரிச்சுது.

பொட்டி மெதுவா, "தெரியாதும்மா. நான் தப்பாச் சொன்னா, பக்கத்துலயே உக்காந்து நீ சொல்றியா?"ன்னுச்சு.

கதை கேட்டாச்சுல்ல? எங்க வீட்டு கரண்டு பில்லை உங்கள்ல யாரு கட்டப்போறீங்க?