இரண்டு பேர் ஊராட்சி

கலைப்பு உத்தரவில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுவிட்டால் அந்த ஊருக்கு ஊராட்சியும் கிடையாது, தண்ணீர் லாரியும் கிடையாது.

மூன்று வருடப் பஞ்சத்தில் ஊரே மூட்டை கட்டிவிட்டது. மழை வந்தும் கிணறு ஊறவில்லை, போன சனமும் திரும்பவில்லை. மிச்சம் இரண்டே பேர். ஒருவர் தலைவி, மற்றவர் உறுப்பினர். இவர்களுக்கு ஓர் ஆட்சி, அதற்கு ஓர் அலுவலகம், அதை ஆய்வு செய்ய வேண்டும் என்று என் தலையெழுத்து.

மாதக் கூட்டம் முறையாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்குமாவது மண்ணாவது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

சரியாகப் பதினொன்றுக்குத் தலைவி மணியடித்தார்.

லாரித் தொட்டியைக் கிழக்கே மாற்ற வேண்டும் என்றார் உறுப்பினர். மேற்கேதான் இருக்கும் என்றார் தலைவி. அவர் விதியைக் காட்ட, இவர் உபவிதியைக் காட்டினார். 'தலைவர் அவர்களே', 'உறுப்பினர் அவர்களே' என்று மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சத்தம்தான் கூரையைப் பிய்த்தது.

பொருள் எண் மூன்று: பஞ்சத்தின்போது தலைவியின் ஆடுகளை உறுப்பினர் கேட்காமல் விற்றது. பதினான்கு மாதமாக ஒத்திவைப்பு.

தீனியில்லாமல் அவை சாவதைத் தலைவி பார்க்கக் கூடாது என்றுதான் விற்றாராம். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். விளக்கம் போதாது, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு என்றார்.

அட, எவ்வளவு வீம்பு! ஆனாலும் எனக்குப் பாவமாகிவிட்டது. இரண்டு பேருக்குக் கூட்டம் எதற்கு, தபாலில் கையெழுத்து அனுப்பினால் போதும், லாரி வரும் என்று பெரிய மனதோடு சலுகை சொன்னேன்.

"ஐயோ, வேண்டாம் சார்!" இருவரும் சேர்ந்தே அலறினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கூட்டம் முடிந்ததற்கு மணியடித்தது. அவ்வளவுதான், இரண்டு வாய்க்கும் பூட்டு விழுந்தது. உறுப்பினர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தலைவி என்னிடம் வந்து, அவருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"சார், அவர்கிட்ட சொல்லிடுங்க. சோறு மூடி வெச்சிருக்கேன், ஆறிடப் போகுது."

இரண்டடி தள்ளி நின்றவரிடம் போய்ச் சொன்னேன்.

திரும்பி வந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு கையெழுத்துக்கும் ஒரே கதவு எண்.

உத்தரவை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஆய்வுக் குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: மாதம் ஒரு கூட்டம் போதாது. இனி தினமும் நடத்தவும்.