கூப்பிடாமல் உள்ளே வராது

"அரைக் கிலோ பூண்டுடி! நேத்துதான் வாங்கினேன், கூடை காலி. யாரு தின்னது?"

அம்மா போட்ட சத்தத்தில் சின்னவள் அக்காவின் அறைப் பக்கம் கை காட்டினாள். அங்கே கதவு நிலையில் நூலில் கோர்த்த பூண்டு மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன கூத்து இது?"

"காட்டேரிக்கும்மா. பூண்டு வாசனை வந்தா கிட்ட வராதாம்."

அம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. இவள் பென்சில் டப்பாவில் காட்டேரி. பிஸ்கட் பாக்கெட்டில் காட்டேரி. ஒரு காலத்தில் பெரியவர்களையே தியேட்டரில் கண்ணை மூட வைத்த ஆசாமி, இப்போது கறுப்பு அங்கியும் கோரைப் பல்லுமாகப் பல் தேய்க்கிற பிரஷில் நின்று இளிக்கிறான். செத்தும் சாகாதவன் என்பது சரிதான்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போதும், கண்ட கார்ட்டூனையும் பார்க்கறது. சரி, அதை ஏன் அக்கா ரூம்ல கொண்டுபோய் மாட்டினே?"

"அக்கா ரத்தத்தைத்தானே அது குடிக்குது."

சிரிப்பு நின்றது.

பெரியவள் பொதுத் தேர்வு எழுதப் போகிறவள். மூன்று மாதமாக ஆளே பாதியாகிவிட்டாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்று அவளைக் கேட்டார். "தனி ரூம், தனி மேஜை. இவளுக்கென்ன டாக்டர் கவலை?" என்று அம்மாதான் பதில் சொன்னாள்.

இப்போது சின்னவளின் தோளைப் பிடித்துக் குனிந்தாள்.

"அந்தக் காட்டேரி எப்ப வரும் கண்ணு?"

"பகல்ல சாதாரணமாத்தான் இருக்கும். பொழுது சாஞ்சா வரும்."

"நம்ம வீட்டுக்கா? யாரு அது?"

"சொல்ல மாட்டேன். அக்கா சத்தியம் வாங்கியிருக்கா."

அம்மா மனசுக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வெளி ஆள் ஒருத்தர்தான். கணக்கு வாத்தியார். ஒட்டடைக் குச்சி உயரம், எப்போதும் கறுப்புச் சட்டை, சிரித்தால் இரண்டு பக்கமும் துருத்தும் பல். ஐந்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போவார். அம்மா ஆபீஸ் விட்டு வர ஆறரை. அதுவரை வீட்டில் இதுகள் இரண்டும்தான்.

பெரியவளைத் தனியே கூப்பிட்டு வாத்தியாரைப் பற்றிக் கேட்டாள்.

"சாரா? ஐயோ, சார் ரொம்ப நல்லவரும்மா!" பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பயந்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். அம்மா எங்கோ படித்திருக்கிறாள்.

மாலையைப் பிய்த்துக் கூடையில் போட்டாள். சின்னவள் கெஞ்சி ஒரே ஒரு பூண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தாள் அம்மா. சரியாக ஐந்துக்கு வாசல் மணி அடித்தது. சின்னவள் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க சார்! உள்ள வாங்க!"

அம்மா அவளை ஓரமாக இழுத்தாள். "ஏய், பூண்டு காட்டலையா?"

"சாருக்கு எதுக்கும்மா? கூப்பிடாம காட்டேரியால எந்த வீட்டுக்குள்ளயும் நுழைய முடியாது. அதை நான் கூப்பிடவே மாட்டேன்."

அம்மாவின் பார்வையிலேயே வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது.

"நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன் மேடம். போன பரீட்சையில தொண்ணூத்தாறு வாங்கியிருக்கா. ஆனா பேப்பரைக் கையில வாங்கினதும் அழறா. வீட்ல யாராவது ஏதாவது..."

"அழாம என்ன செய்வா? மீதி நாலு எங்க போச்சாம்? எதிர் வீட்டுப் பொண்ணு நூறு! எங்க வீட்ல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல சார். நல்லதுக்கு நாலு வார்த்தை கேக்கறதோட சரி."

வாத்தியார் பெரியவளின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடம் நடத்தப் போனார்.

ஆறு மணிக்கு அவர் கிளம்பியதும் அம்மாவின் படபடப்பு கூடியது. இவர் இல்லையென்றால் வேறு யார்? மாடி வீட்டுக்காரனா? தபால் கொண்டுவருகிறவனா? தான் வீட்டில் இருப்பது தெரிந்தால் வருகிறவன் வர மாட்டான்.

"கடைக்குப் போயிட்டு வரேன். கதவைச் சாத்திக்குங்க."

கடைக்குப் போகவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் மறைந்து நின்று தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து இரண்டும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஆறே கால். ஆறரை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பெருமூச்சு விட்டுப் படியேறி, வழக்கம்போலத் தன் சாவியைப் போட்டுத் திருகினாள்.

உள்ளே சிரிப்பு பட்டென்று நின்றது. நாற்காலி இழுபட்டது.

"அக்கா, வந்தாச்சு! வந்தாச்சு!"

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். "எங்கடி? எங்க அது?"

பெரியவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றாள். அவளுக்கு முன்னால் இரண்டு கையாலும் பூண்டை நீட்டியபடி சின்னவள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"எப்படிடி உள்ள வந்துச்சு? கூப்பிடவே மாட்டேன்னு சொன்னியே!"

"நான் கூப்பிடலையேம்மா," என்றாள் சின்னவள், அழுகையை அடக்கிக்கொண்டு. "உன்கிட்டதான் சாவி இருக்கே."